யோகம் வீட்டுக்கு வந்த வழி

1855ஆம் ஆண்டை ஒட்டிய காலம். முப்பது வயதை எட்டிய துறவி ஒருவர் கங்கைக் கரையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அவருடைய மூட்டையில் ஹடயோகம் பற்றிய சில வடமொழி நூல்கள் இருந்தன. மனித உடலுக்குள் எத்தனை நாடிகள் ஓடுகின்றன, எந்தெந்த இடத்தில் எத்தனை இதழ்களோடு கூடிய தாமரைகள் அமைந்துள்ளன என்றெல்லாம் அந்நூல்கள் விரித்துரைத்தன. படிக்கப் படிக்க அவருக்கு ஐயமே வளர்ந்தது. அன்று ஆற்றில் ஒரு பிணம் மிதந்து வருவதைக் கண்டார். நூல்களைக் கரையில் வைத்துவிட்டு நீரில் இறங்கினார்; பிணத்தைக் கரைக்கு இழுத்து வந்தார்; கத்தியால் அறுத்து, இதயத்தை வெளியே எடுத்துக் கூர்ந்து பார்த்தார். நூலில் கண்ட வருணனையையும் கண் முன்னே கிடந்ததையும் ஒப்பிட்டார். எதுவும் ஒத்துவரவில்லை. நூல்களைக் கிழித்து, பிணத்தோடு சேர்த்து ஆற்றிலே எறிந்துவிட்டுத் தம் வழியே சென்றார்.

அந்தத் துறவிதான் பின்னாளில் ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரசுவதி. 1879-80ஆம் ஆண்டுகளில் 'தியாசபிஸ்ட்' இதழில் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் இந்நிகழ்ச்சியை அவரே கூறியிருக்கிறார். நூலை எறிந்தவர் யோகப் பயிற்சியை எறிந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடைசிவரை அவர் அதைக் கைவிடவில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். விடியற்காலையில் கூடத்தில் ஒரு பாயை விரிக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு புத்தகம் அல்லது கைப்பேசியில் ஒரு படம். அதைப் பார்த்து முன்னே குனிகிறீர்கள், முதுகை வளைக்கிறீர்கள், மூச்சை இழுத்து விடுகிறீர்கள். குரு இல்லை, தீட்சை இல்லை, மடம் இல்லை. 'நேற்றுத்தான் தொடங்கினேன்' என்று பக்கத்து வீட்டாரிடம் தயங்காமல் சொல்கிறீர்கள். இது ஏதோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படியே நடந்து வருவதுபோல நமக்குத் தோன்றுகிறது. உண்மையில், ஒருவர் தம் வீட்டிலேயே, தாமாகவே, உடல் நலத்துக்காக யோகம் பழகுவது என்ற வழக்கத்துக்கு வயது சுமார் நூறுதான். யோகம் பழமையானது, அது வீட்டுக்கு வந்தது அண்மையில். அது வந்த வழியில் ஓர் ஆய்வுக்கூடமும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

பழைய நூல்கள் காட்டும் இடம்

பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றுள் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே மூன்று. இருக்கை அசையாததாகவும் வருத்தமில்லாததாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அவர் அதிகம் சொல்லவில்லை. நம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்தின் எட்டு உறுப்புகளையும் முறையாகக் கூறுகிறது. அதிலும் ஆசனத்துக்கென அமைந்த பாடல்கள் சிலவே. மூச்சைப் பற்றியும் மனத்தை நிறுத்துவதைப் பற்றியும் பேசும் பாடல்களே மிகுதி.

உடற்பயிற்சியை விரிவாகச் சொல்லும் நூல் என்றால் 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையைத்தான் சொல்ல வேண்டும். அதில்கூட விளக்கப்பட்டிருக்கும் ஆசனங்கள் பதினைந்துதான். பயிலும் இடத்தைப் பற்றி அது தரும் குறிப்பு சுவையானது. நல்லாட்சி நடக்கும் நாட்டில், தொல்லையில்லாத இடத்தில், தனியே ஒரு சிறு குடிசை வேண்டும், வாயில் சிறியதாக இருக்க வேண்டும், சன்னல் கூடாது, மேடு பள்ளம் இல்லாமல் சாணமிட்டு மெழுகி, பூச்சி புழு இல்லாமல் வைத்திருக்க வேண்டும். குரு காட்டிய நெறியில் பழக வேண்டும். கற்றதை மறைத்து வைக்க வேண்டும். வெளியே சொன்னால் பயன் கெட்டுவிடும் என்பது நூலின் கொள்கை. இளையவர், முதியவர், நோயுற்றவர் எவரும் பழகலாம் என்று அதே நூல் சொல்வதும் உண்மைதான். ஆனால் பிள்ளைகள் கத்தும், சமையல் மணக்கும் வீட்டுக் கூடத்தை அது நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

1896இல் வெளிவந்த 'ராஜயோகம்' நூலின் முன்னுரையில் சுவாமி விவேகானந்தரும் இதே எச்சரிக்கையைத் தந்தார். சில பயிற்சிகள் நீங்கலாக, ஆசிரியரோடு நேரில் பழகித்தான் யோகத்தை ஆபத்தின்றிக் கற்க முடியும் என்பது அவர் கருத்து. ஹடயோகத்தின் உடற்பயிற்சிகளில் அவருக்கு அத்தனை ஈடுபாடும் இல்லை. அக்காலத்துப் படித்த மக்களின் கண்ணில் ஹடயோகி என்றால் சந்தையில் முள்படுக்கையில் கிடந்து காசு வாங்குபவர். மிஞ்சிப் போனால் மண்ணுக்குள் புதைந்து எழும் வித்தைக்காரர். அப்படிப்பட்ட ஒன்றைக் குடும்பத்தார் தம் வீட்டுக்குள் எப்படி அனுமதிப்பார்கள்?

ஒரு குரு, இரு மாணவர்

நருமதை ஆற்றங்கரையில் மால்சர் என்ற சிற்றூர். அங்கே பரமஹம்ச மாதவதாசர் என்ற முதியவர் ஆசிரமம் அமைத்திருந்தார். அவரிடம் கற்ற இருவர் யோகத்தை இரண்டு வாயில்கள் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள்.

முதலாமவர் மணிபாய் தேசாய். யோகேந்திரர் என்று அறியப்பட்டவர். இளைஞரான அவரைத் தம் வாரிசாக்கக் குரு விரும்பினார். அவரோ துறவு பூணாமல் உலகத்துக்குத் திரும்பினார். 1918 டிசம்பர் 25ஆம் நாள் பம்பாயை அடுத்த வெர்சோவாக் கடற்கரையில் ஒரு வீட்டில் யோக நிலையம் ஒன்றைத் தொடங்கினார். துறவிகளுக்காக அல்ல, இல்லறத்தாருக்காக! பின்னர் மணமுடித்து, தாமும் இல்லறத்தாராகவே வாழ்ந்தார். 1928இல் அவர் வெளியிட்ட ஆசன நூலின் தலைப்பிலேயே 'எளிமையாக்கப்பட்டவை' என்ற பொருள்படும் சொல் இருந்தது. வேலைக்குப் போகும் மனிதர் தம் அறையில் அரைமணி நேரத்தில் செய்யக்கூடியதாக யோகத்தைச் சுருக்கியவர் அவர்.

இரண்டாமவர்தான் நம் கட்டுரையின் நாயகர். 1883இல் குசராத்தின் தபோய் ஊரில் பிறந்த ஜகந்நாத கணேச குணே. பிற்காலப் பெயர் சுவாமி குவலயானந்தர். பரோடாவில் மாணிக்ராவ் என்ற புகழ்பெற்ற உடற்பயிற்சி ஆசானிடம் பழகியவர். அமல்நேர் ஊரில் தேசியக் கல்லூரி ஒன்றின் முதல்வராக இருந்தவர். மாதவதாசரிடம் யோகம் கற்றபோது அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. உடலில் இந்தப் பயிற்சிகள் ஏதோ செய்கின்றன என்பது தெரிகிறது. உள்ளே நடப்பது என்ன? தயானந்தர் பிணத்தை அறுத்துக் கேட்ட கேள்வியையே இவர் உயிருள்ள உடலிடம் கேட்க விரும்பினார். அதற்கு வேண்டிய கருவி அப்போது வந்துவிட்டிருந்தது. 1895இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர்தான் அது.

குழாயும் பாதரசமும்

1920களின் தொடக்கத்தில் பரோடா மருத்துவமனையில் சில மாணவர்களைக் கொண்டு குவலயானந்தர் தம் முதல் சோதனைகளைச் செய்தார். 1924இல் லோனாவாலாவில் கைவல்யதாமம் என்ற நிலையத்தை நிறுவினார். அதே ஆண்டில் 'யோக மீமாம்சா' என்ற ஆய்விதழையும் தொடங்கினார். யோகத்தைப் பற்றி எக்ஸ் கதிர்ப் படங்களும் அளவீட்டு அட்டவணைகளும் தாங்கி ஓர் இதழ் வந்தது அன்றைக்குப் புதுமை.

அவர் முதலில் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று வஸ்தி என்னும் பழைய பயிற்சி. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். சற்று நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொப்புள் அளவு நீரில் குந்தி உட்கார்ந்து, மலவாயில் ஒரு மூங்கில் குழாயைச் செருகிக்கொண்டு, யோகி நீரைப் பெருங்குடலுக்குள் இழுத்துக்கொள்வார். குடலைக் கழுவுவதற்கான முறை இது. பம்பு இல்லை, மேலிருந்து நீர் ஊற்றுவதும் இல்லை. கீழிருக்கும் நீர் எப்படி மேலே ஏறுகிறது? அபான வாயு இழுக்கிறது என்றார்கள் சிலர். மலவாயின் தசைகள் சுருங்கி விரிந்து உறிஞ்சுகின்றன என்றார்கள் வேறு சிலர்.

குவலயானந்தர் குழாயின் மறுமுனையைப் பாதரச அழுத்தமானியோடு இணைத்தார். யோகி நௌலி என்ற பயிற்சியைச் செய்தார். அதாவது மூச்சை முழுதும் வெளியேற்றி, வயிற்றை உள்ளே ஒடுக்கி, நடு வயிற்றின் இரு தசைகளை மட்டும் தூண்போல முன்னே தள்ளினார். உடனே பாதரசத்தின் மட்டம் மாறியது. பெருங்குடலுக்குள் இருந்த அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிட்டது! மலவாய்த் தசைகள் உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை. அவை குழாயால் திறந்து வைக்கப்பட்டிருந்தால் போதும். குடலுக்குள் தோன்றிய இந்தக் குறையழுத்தத்துக்கு அவர் தம் குருவின் பெயரால் 'மாதவதாச வெற்றிடம்' என்று பெயரிட்டார்.

இதை நீங்கள் பள்ளியில் படித்த பாயில் விதியைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். மூடிய இடத்தின் கொள்ளளவைப் பெருக்கினால் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் குறையும். மூச்சை முழுதும் விட்டபின், மூக்கு வழியே காற்று நுழையாதபடி தடுத்துக்கொண்டு, மூச்சை இழுப்பதுபோல மார்புக்கூட்டை மட்டும் விரித்துப் பாருங்கள். மார்பின் கொள்ளளவு கூடுகிறது; உள்ளே நுழையக் காற்று இல்லை; எனவே அழுத்தம் விழுகிறது. உதரவிதானம் மேலே ஏறுகிறது. வயிறு முதுகெலும்பை நோக்கிக் குழிகிறது. இதுதான் உட்டியாண பந்தம். வயிற்றைத் தசையால் உள்ளே 'இழுப்பதாக' நாம் நினைக்கிறோம். வெளிக்காற்று அதை உள்ளே தள்ளுகிறது என்பதே சரி. நௌலியில் தசைத்தூண்கள் முன்னே வரும்போது வயிற்றறையின் கொள்ளளவும் கூடுகிறது. குடலில் அழுத்தம் மேலும் இறங்குகிறது. பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல 13.6 மடங்கு. ஆகவே, குடலில் அழுத்தம் 1 செ.மீ. பாதரச அளவு குறைந்தாலே நீர் 13.6 செ.மீ. ஏறிவிடும். மையூற்றி பேனாவில் மை ஏற்றுகிறதே, அதே கணக்குத்தான்.

(இதைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் காலையில் வெறும் வயிற்றில் உட்டியாணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய், வயிற்றுப் புண், குடலிறக்கம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் அதையும் செய்ய வேண்டாம். வஸ்தியை வீட்டில் முயல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.)

இந்தச் சோதனையின் சிறப்பு என்ன? யோகி சொன்னது பொய்யாகிவிடவில்லை; நீர் உண்மையாகவே ஏறுகிறது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் தள்ளுபடியாகிவிட்டன. பயிற்சி வேறு, அதற்குக் கூறப்படும் விளக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே தொடங்குகிறது.

'பிராணவாயு' என்ற சொல்லின் குறும்பு

அடுத்து மூச்சுப் பயிற்சி. பிராணாயாமம் செய்தால் உடலில் ஆக்சிஜன் பெருகும் என்று இன்றும் எத்தனையோ பேர் சொல்லக் கேட்கிறோம். தமிழில் இந்த மயக்கத்துக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1774இல் பிரீஸ்ட்லி கண்டறிந்த அந்த வாயுவுக்கு நம் பாடநூல்கள் வைத்த பெயர் 'பிராணவாயு'. ஆயிரம் ஆண்டுப் பழைய நூலில் வரும் பிராணனும் வேதியியல் வகுப்பின் பிராணவாயுவும் ஒன்றே என்று மாணவன் எண்ணிவிட்டால் அது அவன் குற்றமா? பிராணாயாமம் என்றாலே பிராணவாயுவை உள்ளே நிறைப்பது என்று சொல்லே சொல்லித் தருகிறதே!

குவலயானந்தர் இதையும் அளந்தார். பயிற்சியின்போது வெளிவிடும் காற்றைச் சேகரித்து, உடல் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டது, எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றியது என்று கணக்கிட்டார். பிராணாயாமத்தின்போது ஆக்சிஜன் கூடுதலாக உறிஞ்சப்படுவதில்லை என்பதே 1930களில் அவர் இதழில் வெளிவந்த முடிவு. பிராணாயாமத்தைப் பரப்புவதையே வாழ்வின் பணியாகக் கொண்டவர் அவர். கூட்டம் சேர்க்க உதவக்கூடிய ஒரு வாதத்தைத் தாமே மறுத்து அச்சிட்டார். பிராணாயாமத்தின் பயன் நரம்பு மண்டலத்தைப் பழக்குவதில் இருக்கிறது, ஆக்சிஜனில் இல்லை என்று எழுதினார். அவரை நான் மதிப்பது முதன்மையாக இதற்காகவே.

அவர் முடிவு ஏன் சரியென்று இப்போது எளிதாக விளக்கலாம். நலமாயிருக்கும் ஒருவர் சாதாரணமாக மூச்சுவிடும்போதே தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபின் நூற்றுக்கு 97, 98 பங்கு ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. நிறைந்த குடத்தில் மேலும் எவ்வளவு ஊற்ற முடியும்? வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயுதான் அளவுக்கு மீறி வெளியேறும். அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும்; தலை கிறுகிறுக்கும்; விரல்கள் மரத்துப்போகும். புதிதாகப் பழகும் சிலர் இந்தக் கிறுகிறுப்பையே ஏதோ சக்தி எழுவதாக எண்ணி மகிழ்கிறார்கள்! அப்போது செய்ய வேண்டியது நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிடுவதுதான்.

இதயம் நின்றதா?

வீட்டுக்குள் யோகம் வருவதற்குத் தடையாக இருந்த இன்னொன்று, அதைச் சூழ்ந்திருந்த அற்புதக் கதைகள். அவற்றுள் தலையானது இதயத்தை நிறுத்துவது. நாடியைப் பிடித்துப் பார்த்தால் துடிப்பு இராது. மார்பில் காது வைத்தால் ஒலி கேட்காது. மருத்துவர்களே வியந்தார்கள்.

1935இல் தெரேஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் எடுத்துச் செல்லத்தக்க மின்வரைவுக் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். யோகி ஒருவரின் இதயக் குறி ஏறத்தாழ மறையும் அளவுக்குச் சிறுத்துப் போவதை அவர் பதிவு செய்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1957இல், அமெரிக்காவிலிருந்து வெங்கர், பக்சி என்ற இருவர் வந்து, புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆனந்த் என்பவரோடு சேர்ந்து இக்கேள்வியை மீண்டும் எடுத்தார்கள். அவர்கள் கட்டுரை 1961இல் வெளிவந்தது. நால்வர் சோதிக்கப்பட்டனர். ஒருவருடைய இதயமும் நிற்கவில்லை.

அப்படியானால் நாடி மறைந்தது எப்படி? நால்வரில் மூவர் கையாண்ட முறை ஒன்றே. மூச்சை அடக்கி, குரல்வளையை மூடிக்கொண்டு, மார்பு வயிற்றுத் தசைகளை இறுக்கினார்கள். மார்புக்குள் அழுத்தம் ஏறியது. சிரைகள் மெல்லிய சுவருடையவை; அழுத்தத்தில் நசுங்கின. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்தது. உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் குறையுமல்லவா? மணிக்கட்டில் துடிப்பு தட்டுப்படவில்லை. இதய ஒலியும் நலிந்து, இறுகிய தசைகளின் இரைச்சலில் மூழ்கியது. மின்வரைவுக் கருவியோ இதயம் துடித்துக்கொண்டே இருப்பதைக் காட்டியது. பிராஸ் கண்டதற்கும் வழியுண்டு. இதயத்தின் மின்னழுத்தம் திசையுள்ள ஓர் அளவு, அதாவது வெக்டர். உதரவிதானம் அசையும்போது இதயம் சற்றுத் திரும்பினால், ஒரு திசையில் மட்டும் அளக்கும் கருவியில் அதன் நிழல் குறுகிப்போகும். நண்பகலில் கம்பத்தின் நிழல் குறுகுவதைக் கண்டு கம்பமே குட்டையாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே!

ஆனால் நான்காமவர்? அவர் இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. மெதுவாக்குவதாக மட்டுமே சொன்னார். அவர் தம் இதயத்தை உண்மையாகவே வெகுவாக மெதுவாக்கிக் காட்டினார். வேகஸ் நரம்பின் செயல் மிகுவதைப் பதிவுகள் காட்டின. அது எதனால் மிகுந்தது என்பது விளங்கவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே 1961இல் ஆனந்த் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், காற்றுப்புகாத பெட்டிக்குள் அமர்ந்த யோகி ஒருவரின் ஆக்சிஜன் தேவை, ஓய்விலிருக்கும் உடலின் அடிப்படைத் தேவைக்கும் கீழே இறங்கியது தெரியவந்தது. ஆகப் பெரிய கதை பொய்த்தது. அதன் அடியில் சிறியதாக, வியப்பு குறையாத ஓர் உண்மை இருந்தது.

படம் கற்பிப்பது

மருமம் விலகிய பிறகு எஞ்சியதைப் புத்தகத்தில் எழுத முடிந்தது. புகைப்படமும் அச்சும் அப்போது மலிவாகிக்கொண்டிருந்தன. 1928இல், இன்றைய மகாராட்டிரத்திலிருந்த ஔந்து சமஸ்தானத்தின் மன்னர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி, சூரிய நமசுகாரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். தாமும் நாள்தோறும் செய்து, தம் நாட்டுப் பள்ளிகளிலும் அதைச் சேர்த்தார். அன்றைக்கு யோக ஆசிரியர் பலர் சூரிய நமசுகாரத்தை யோகமாகவே கொள்ளவில்லை என்பதை இன்று சொன்னால் நம்புவது கடினம். மைசூரில் மன்னரின் ஆதரவோடு ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். 1934இல் படங்களோடு கன்னடத்தில் 'யோக மகரந்தம்' எழுதினார். பின்னர் சென்னையில் குடியேறி, 1989இல் நூறு வயதைக் கடந்து மறைந்தார். அவரிடம் இளமையில் கற்ற பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் லண்டனில் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ அறுநூறு படங்கள். வாரவாரியாக 300 வாரங்களுக்கான பயிற்சித் திட்டமும் அதன் பின்னிணைப்பில் இருந்தது. வீட்டிலேயே பழகுவோருக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கான பாடத்திட்டம்!

அஞ்சல் வழியே கற்றவர்களும் உண்டு. 1927இல் உடல் நலிந்து மைசூர்ப் பகுதியில் ஓய்விலிருந்த காந்தியடிகள் குவலயானந்தருக்குக் கடிதம் எழுதி ஆசனங்கள் பற்றிக் கேட்டறிந்தார். பழகிய பின் தம் இரத்த அழுத்தம் எவ்வாறு இருக்கிறது என்பதையும் எழுதினார். ஐம்பத்தேழு வயதில் தொடங்கிய மாணவர். அதுவும் அளந்து பார்த்து எழுதும் மாணவர்.

படத்தைப் பற்றி எனக்கொரு குறை உண்டு. படம் முடிந்த நிலையைக் காட்டும். போய்ச் சேரும் வழியைக் காட்டாது. மூச்சு படத்தில் விழவே விழாது. நெற்றி முழங்காலைத் தொட்டுவிட்ட ஒருவரைப் பார்த்ததும் நம் நெற்றியும் தொட்டாக வேண்டும் என்று முதுகை மடக்கி இழுக்கிறோம். தொடையின் பின்தசை நீள வேண்டிய இடத்தில் இடுப்பு வட்டெலும்புகள் நெருக்குண்கின்றன. வீட்டில் தனியே பழகுவோருக்கு நேரும் வலிகளில் பலவற்றுக்கு இந்த அவசரமே காரணம் என்பேன். முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு குனிந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

தலைகீழாக நிற்பதற்கு முன்

சிரசாசனத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் மிகவும் ஆசைப்படுவது அதற்குத்தான். மூளைக்கு இரத்தம் பாயும், நினைவாற்றல் பெருகும் என்று சொல்லப்படுகிறது. கணக்கைப் பார்ப்போம். இதயத்திலிருந்து தலை சுமார் 30 செ.மீ. உயரம். அந்த உயரமுள்ள இரத்தக் கம்பத்தின் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 23 மி.மீ. நிமிர்ந்து நிற்கையில் தலையில் தமனி அழுத்தம் இதயத்தில் உள்ளதைவிட அவ்வளவு குறைவு. தலைகீழாக நிற்கையில் அவ்வளவு கூடுதல். ஆனால் மூளையின் குழாய்கள் தம்மைத் தாமே சுருக்கி ஓட்டத்தை ஒரே அளவில் காத்துக்கொள்கின்றன. ஆகவே அழுத்தம் கூடுவதால் மட்டும் பாய்ச்சல் பெருகிவிடாது. கண்ணுக்கோ அத்தகைய பாதுகாப்பு போதிய அளவு இல்லை. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனம் பழகிய 75 பேரைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிலையில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது தெரிந்தது. கண்நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல. அந்த நோய் தொடக்கத்தில் அறிகுறி காட்டாது என்பதால், குடும்பத்தில் யாருக்கேனும் அது இருந்திருந்தால் கண்ணைச் சோதித்துக்கொண்ட பிறகே சிரசாசனத்தைப் பற்றி எண்ணலாம். கழுத்து வலியும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் எண்ணவே வேண்டாம்.

நன்மை ஒன்றும் நிலைபெறவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நிலைபெற்றவை உண்டு, விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரியவை அல்ல. நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்பு முயலத்தக்கவற்றுள் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் யோகத்தைச் சேர்த்தது. முறுக்கு ஆசனங்கள் உடலின் நச்சைப் பிழிந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாம் தூங்கும்போதும் செய்கின்றன.

மூச்சைப் பொறுத்தவரை செய்தி இன்னும் சுவையானது. இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 23 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. இலத்தீன் மொழியில் செபமாலை ஓதினாலும், பௌத்த யோக மந்திரத்தை ஓதினாலும், மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குவதைக் கண்டார்கள். நம் இரத்த அழுத்தத்தில் இயல்பாகவே பத்து விநாடிக்கு ஒருமுறை ஒரு மெல்லிய ஏற்ற இறக்கம் உண்டு. கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணர்விகள் செய்தி அனுப்ப, இதயமும் குழாய்களும் அதற்கேற்ப மாற, இடையே ஏற்படும் தாமதத்தால் எழும் அலைவு அது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளுவதுபோல மூச்சும் அழுத்த அலையும் ஒத்திசைகின்றன. அந்த அலைவு பெரிதாகிறது. அழுத்தத்தைச் சீர்செய்யும் உணர்விகளின் கூர்மையும் கூடுகிறது. 1930களில் குவலயானந்தர் ஆக்சிஜனை விட்டு நரம்பு மண்டலத்தின் பக்கம் கை காட்டினாரல்லவா? அத்திசையில் கிடைத்த தடங்களுள் இது ஒன்று.

இதைப் பார்க்க உங்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நாளைக் காலையில் ஆசனங்களை முடித்தபின் வசதியாக உட்காருங்கள். இடது மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடியைக் கண்டுகொள்ளுங்கள். ஐந்து விநாடி மெல்ல இழுத்து, ஐந்து விநாடி மெல்ல விடுங்கள், அடக்க வேண்டாம். மூச்சு உள்ளே வரும்போது துடிப்புகள் சற்று நெருங்கியும், வெளியே போகும்போது சற்று விலகியும் வருவதை விரல் நுனியில் உணர்வீர்கள். இளம் வயதினருக்கு இது தெளிவாகத் தெரியும். வீட்டுத் தாத்தாவின் கையில் அவ்வளவு தெரியாது. இரண்டு பேருடைய கணக்கையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்.